இரண்டரைத் திங்கள்

தில்லியில் வாழும் நடுவண் அரசு எழுத்தருக்கு நடத்தல் ஒன்றும் புதிய கலையன்று. பேருந்துக்கு நடக்கிறோம், பேருந்து வாராவிடில் அடுத்த நிறுத்தத்திற்கு நடக்கிறோம், காணாமற்போன கோப்பு ஒன்றைத் தேடிப் பிரிவுக்குப் பிரிவு நடக்கிறோம். இவ்வாறு பல்லாண்டு நடந்தும் அதனால் எவர்க்கேனும் ஒரு காசு பயன் விளைந்ததாக நமக்கு நினைவில்லை. ஆதலின், 2016ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நம் தமக்கையார் ஒரு துண்டறிக்கையைக் கையில் கொடுத்து, "தம்பி, ராஜபாதையிலே நடக்கணுமாம். புற்றுநோய்க்காரங்களுக்காகப் பணம் சேர்க்கிறாங்க. நீயும் வா" என்று சொன்னபொழுது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. நடந்தால் நோய் தீருமா? பணம் கொடுக்க விரும்புகிறவர் வீட்டில் இருந்தபடியே கொடுக்கலாமே; அதற்காகப் பிப்ரவரிக் குளிரில் விடியுமுன் எழுவானேன்? இப்படியெல்லாம் வாதாடிப் பார்த்தோம். தமக்கையார் மறுமொழி கூறவில்லை. "ஆறு மணிக்குத் தயாரா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வாறு ஆணையிட அவருக்கு உரிமை உண்டு. அவர் கணவர், நம் அத்தான், 2014 டிசம்பரில் மூளைக் கட்டியால் மறைந்தவர்.

அத்தானைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, தேர்வாணையத் தேர்வில் வென்று, ஒரு தகரப் பெட்டியோடு புதுதில்லி இரயில் நிலையத்தில் நாம் வந்திறங்கியபொழுது, நடைமேடையில் நின்றவர் அவர். இராமகிருஷ்ணபுரத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு அறைக் குடியிருப்பில், ஓர் அறையின் பாதியை நமக்கு ஒதுக்கினார். இரண்டரை ஆண்டு அங்கேயே உண்டோம், உறங்கினோம். ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை. அதிகம் பேசியதும் இல்லை.

அவர் சுருக்கெழுத்தர். தில்லித் தமிழரின் வரலாற்றில் சுருக்கெழுத்துக்கும் தட்டெழுத்துக்கும் ஒரு தனி இடம் உண்டென்பதை இம்மலரின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பிட்மன் முறையைக் கற்று வந்தவர்கள் இத்தலைநகரின் அலுவலகங்களில் தலைமுறை தலைமுறையாக அமர்ந்து, பிறர் சொல்லைத் தம் விரலால் வாங்கி வாழ்ந்தார்கள். அத்தானும் அவ்வரிசையில் ஏறக்குறையக் கடைசி மனிதர். முப்பதாண்டுக் காலம் அதிகாரிகளின் வாயிலிருந்து வந்த சொற்களை வாங்கி வாங்கி, சொந்தமாகப் பேசுவதற்கு அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை போலும் என்று நாம் வேடிக்கையாக எண்ணியதுண்டு.

2013ஆம் ஆண்டுக் கோடையில் அவர் எடுத்த கடிதங்களில் சொற்கள் விடுபடத் தொடங்கின. ஒரு கடிதத்தில் "இல்லை" என்ற சொல்லே விடுபட்டு, பொருள் தலைகீழாகிவிட்டது. அதற்காக அவருக்கு எழுத்து வழியே விளக்கம் கேட்கப்பட்டது. வீட்டில் மின்விசிறியை "அந்த... சுற்றுறது" என்றார். ஓர் இலக்கியக் கூட்டத்தில், பத்தாண்டு பழகிய நண்பரின் பெயர் நாவில் வாராமல் தடுமாறி நின்றார். நாம் பக்கத்தில் இருந்தோம். உதவவில்லை, சிரித்தோம். "வயசாகுதே அத்தான்" என்று நாலு பேர் கேட்கக் கேலியும் செய்தோம். அவருக்கு அப்பொழுது ஐம்பத்திரண்டு வயது. அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் நம் காது சூடாகிறது.

முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர் மன அழுத்தம் என்றார். ஓய்வும் மாத்திரையும் எழுதித் தந்தார். செப்டம்பரில் ஒரு நாள் காலை, எழுதுகோல் பிடித்த வலக்கை தானாகத் துடிக்கத் தொடங்கி, நினைவிழந்து விழுந்தார். அதன்பின் எடுத்த படத்தில், மூளையின் இடப்புறத்தில் ஓர் எலுமிச்சை அளவில் கட்டி தெரிந்தது. பெரும்பாலோர்க்கு மொழி குடியிருக்கும் பக்கம் அது. இதை முதன்முதலில் உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் பால் பிரோக்கா. ஒரே ஓர் அசையை மட்டுமே பேசக்கூடியவனாக இருந்த நோயாளி ஒருவன் 1861இல் இறந்தபின், அவன் மூளையை ஆய்ந்து, இடப்புறம் சிதைந்திருந்ததைக் கண்டார். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய அச்செய்தியை நாம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில், ஒரு பழைய நூலின் துணையோடு கற்றுக்கொண்டிருந்தோம். எழுத்தர் என்போர் அப்படித்தான். வேறொன்றும் செய்ய இயலாதபொழுது தாளைப் புரட்டுவோம்.

கட்டியின் பெயர் கிளையோபிளாஸ்டோமா. மூளையைத் தாங்கி நிற்கும் துணை உயிரணுக்களோடு தொடர்புடையது. உடலின் பிற உறுப்புகளுக்குப் பெரும்பாலும் பரவாது. எனினும் மூளைக்குள்ளேயே வேர்போல ஊடுருவுவதால் அறுவை மருத்துவரின் கத்தி எங்கே நிற்பதென்று தெரியாது. மருந்தைக் குருதி வழியே அனுப்பலாமெனில், நஞ்சு புகாதிருக்க இயற்கை மூளையைச் சுற்றி வைத்துள்ள தடுப்பு, பல மருந்துகளையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. அத்தடுப்பைக் கடக்கக்கூடிய மருந்து டெமோசோலோமைடு. 2005ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் 573 நோயாளரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுள் பத்தில் ஒருவரே ஈராண்டைக் கடந்தார். இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுள் நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் கடந்தனர். நடுத்தர ஆயுள் 12.1 திங்களிலிருந்து 14.6 திங்களாயிற்று.

இந்த எண்களை நாம் எங்கிருந்தோ தேடிப் பிடித்தோம். கழித்தல் கணக்கு நமக்குப் பழக்கமானது. இரண்டரைத் திங்கள்! இத்தனை நாட்டு மருத்துவர்கள் இத்தனை ஆண்டு உழைத்து, இத்தனை பொருள் செலவிட்டுப் பெற்றது இரண்டரைத் திங்கள்தானா? அந்தக் கசப்பை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தால் குற்றமில்லை. மாத்திரைக்குரிய தொகையை அலுவலகத்திலிருந்து திரும்பப் பெறும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஓர் இரவில், "இவ்வளவு செஞ்சும் சராசரியிலே ரெண்டரை மாசம்தான் அக்கா கூடும்" என்று தமக்கையாரிடம் சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, எழுந்து போனார். சராசரி என்பது எந்தத் தனி மனிதனுடைய ஆயுளும் அன்று என்ற எளிய உண்மைகூட அன்று நமக்குத் தோன்றவில்லை.

அறுவை, ஆறு வாரக் கதிர்வீச்சு, அதன்பின் இருபத்தெட்டு நாளுக்கு ஐந்து நாளாக மாத்திரை. 2014ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு அத்தான் எழுந்து உட்கார்ந்து கரும்பு கடித்தார். கோடையில் மலை மந்திர்ப் படிகளை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார். இனி அச்சமில்லை என்று நாம் எண்ணத் தொடங்கிய வேளையில், செப்டம்பரில் கட்டி மீண்டும் வளர்ந்தது.

அதன்பின் நடந்ததுதான் விந்தை. முதலில் அவரைவிட்டு இந்தி போயிற்று. முப்பதாண்டு பேசிய மொழி, முப்பது நாளில் கரைந்தது. அடுத்து ஆங்கிலம். அவர் சோறு உண்டதே அம்மொழியால், அதுவும் போயிற்று. எல்லார்க்கும் இவ்வரிசையில்தான் நிகழுமென்பதில்லை. தாய்மொழி முதலில் போய்ப் பிறமொழி எஞ்சியவர்களும் உண்டென்று மருத்துவர் சொன்னார். அத்தானுக்குத் தமிழ் நின்றது. அதுவும் முழுமையாக அன்று. பெயர்ச்சொற்களாக, துண்டு துண்டாக. மாலையில் கைத்தாங்கலாகச் சந்தைக்கு அழைத்துச் செல்வோம். பீகாரிலிருந்து வந்த காய்கறிக்காரர் ஒருவர் அவருக்கு நெடுநாள் பழக்கம். அவரிடம் அத்தான் உருளைக்கிழங்கைக் காட்டிக் "கிழங்கு" என்பார். இரண்டு நாள் அந்த மனிதர் விழித்தார். மூன்றாம் நாள் தொலைவில் கண்டவுடனேயே, "ஆயியே பாபுஜி, கிழங்கு!" என்று கூவினார். தமிழ் கற்பிக்க நாம் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறோம். இவ்வளவு விரைவில் கற்ற மாணாக்கரை அங்கே கண்டதில்லை.

நவம்பரில் படுக்கையோடு ஆனார். பெரிய மருத்துவமனையொன்றில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்றார்கள். வீட்டுக்கு அழைத்துச் சென்றபின் என்ன செய்ய வேண்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை. தலைவலி வந்தால் என்ன தருவது, வலிப்பு வந்தால் எப்படிப் படுக்க வைப்பது, விழுங்க முடியாதவருக்கு எவ்வாறு ஊட்டுவது, ஒன்றும் தெரியாமல் திகைத்து நின்றோம். பக்கத்துக் குடியிருப்பில் இருந்த பஞ்சாபி அம்மையார்தான் 'கேன்சப்போர்ட்' என்ற அமைப்பைச் சொன்னார். ஹர்மாலா குப்தா என்ற பெண்மணி 1996இல் தில்லியில் நிறுவியது அது. அவரே புற்றுநோயிலிருந்து மீண்டவர். கனடாவில் மருத்துவம் பெற்றவர். அங்கு கிடைத்த ஆதரவு இங்குள்ள நோயாளிகளுக்குக் கிடைக்கவில்லையே என்று எண்ணித் தொடங்கினார். மருத்துவர், செவிலியர், ஆற்றுப்படுத்துநர் என மூவர் குழு வீட்டுக்கே வரும். கட்டணம் இல்லை.

நம் வீட்டுக்கும் வந்தார்கள். மருத்துவர் மருந்தின் அளவைத் திருத்தினார். கேரளத்துச் செவிலியர், படுக்கைப் புண் வாராமல் புரட்டிவிடும் முறையைத் தமக்கையாருக்குக் கற்பித்தார். மூன்றாமவர், அடுக்களையில் தமக்கையாரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்களோ, அறியோம். அவர் போனபின் தமக்கையார் பல நாளுக்குப்பின் ஒரு வாய் சோறு உண்டார்.

அத்தான் ஒரு நாள் சைகையால் எழுதுகோல் கேட்டார். துவண்ட விரல்களுக்கிடையே பென்சிலைச் செருகினோம். தாளில் வளைவும் கோடுமாக ஏதோ எழுதினார், சுருக்கெழுத்து. நமக்குப் படிக்கத் தெரியாது. அவர் மறைந்தபின், பாலக்காட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற முதிய சுருக்கெழுத்தர் ஒருவரிடம் அத்தாளைக் கொண்டு போனோம். இறுதிச் சொல் ஏதேனும் இருக்கும், பிள்ளைகளுக்கு ஏதேனும் சொல்லியிருப்பார் என்று தமக்கையார் காத்திருந்தார். முதியவர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "பெரும்பாலும் வெறும் கோடுதான். இது ஒண்ணுதான் புரியறது" என்று விரல் வைத்துக் காட்டினார்: 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்'. நாவில் அழிந்த ஆங்கிலம் விரலில் எஞ்சியிருந்திருக்கிறது. தமக்கையார் அத்தாளை வாங்கி, அத்தானுடைய பணிக் கோப்பில் வைத்துவிட்டார்.

இனி அந்த நடைக்கு வருவோம். கேன்சப்போர்ட்டார் பிப்ரவரித் திங்களில், உலகப் புற்றுநோய் நாளை ஒட்டி நடத்துவது அது. நடக்கிறவர் தம் நண்பரிடம் நன்கொடை திரட்டலாம் என்றார்கள். நாம் அலுவலகத்தில் ஒரு தாளில் கட்டம் போட்டு, வரிசை எண், பெயர், தொகை, கையொப்பம் என்று தலைப்பிட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கையில் ஒன்றுமில்லாமல் பணம் கேட்பது பிச்சை. "ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிறேன்" என்று சொல்லிக் கேட்கும்பொழுது அது வேறாகிவிடுகிறது என்பதை அன்று கண்டோம். ஏனென்று கேட்கிறார்கள், சொல்கிறோம், பிறகு அவர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள். பதினோராண்டு அடுத்த மேசையில் இருந்தவரின் தாய் மார்புப் புற்றுநோயால் இறந்தது நமக்கு அன்றுதான் தெரியும். வங்காளியான பிரிவு அலுவலர், கோப்பிலிருந்து தலை நிமிராமலேயே ஐந்நூறு ரூபாயை நீட்டினார். பெயர்க் கட்டத்தில் தம் பெயரை எழுதாமல் ஒரு குழந்தையின் செல்லப் பெயரை எழுதினார். நாம் ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வருமான வரி விலக்குக்கு ரசீது உண்டா என்று மூன்று முறை கேட்டவரும் இருந்தார். மொத்தம் 3,150 ரூபாய்.

ஞாயிறு காலை மூடுபனி. அந்நாளில் ராஜபாதை என வழங்கி, 2022இல் கர்தவ்ய பாதை எனப் பெயர் மாறிய அவ்வீதியில், குடியரசு நாள் அணிவகுப்புக்காக எழுப்பிய இரும்புச் சட்டங்களை இன்னும் முழுவதும் பிரித்து முடிக்கவில்லை. நாள்தோறும் அலுவலகம் செல்ல நாம் குறுக்கே கடக்கும் வீதிதான் அது. குறுக்கே கடப்பது வேறு, நெடுக நடப்பது வேறு. இருமருங்கும் நாவல் மரங்கள். ஆனி, ஆடியில் பழம் உதிர்ந்து நடைபாதையெல்லாம் ஊதாவாகும். மாசிக்கு முன் அவை வெறும் நிழல்தான்.

நாம் நினைத்தது துயர ஊர்வலம். அங்கே கேட்டதோ முரசொலி. பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். நோயிலிருந்து மீண்டவர்கள் முன்னே நடந்தார்கள். தலையில் மயிர் இன்னும் முளைக்காத ஓர் இளம்பெண் எல்லாரினும் விரைவாக நடந்தாள். சக்கர நாற்காலியில் ஒரு முதியவரை அவர் பேரன் தள்ளிக்கொண்டு வந்தான். தமக்கையார் கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, கோயிலில் சுற்று வருபவரைப்போல் ஒரே சீராக நடந்தார்.

நடந்து பொருள் திரட்டும் இவ்வழக்கத்தைப் பற்றி எண்ணும்பொழுது, கனடா நாட்டு இளைஞன் டெர்ரி ஃபாக்ஸை மறக்க முடியாது. எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்தவன். 1980 ஏப்ரல் 12ஆம் நாள், செயற்கைக் காலோடு நாட்டின் கீழைக் கரையிலிருந்து மேலைக் கரை நோக்கி ஓடத் தொடங்கினான். நாட்டு மக்கள் தலைக்கு ஒரு டாலர் தர வேண்டும், அது புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது அவன் வேண்டுகோள். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின் நோய் நுரையீரலைப் பற்றியது; ஓட்டம் நின்றது. அடுத்த ஆண்டு சூன் 28இல், இருபத்து மூன்றாம் வயது நிறையுமுன் மறைந்தான். ஆனால் அதற்குள் தலைக்கு ஒரு டாலருக்கு மேலாகவே தொகை சேர்ந்துவிட்டது.

நம் நாட்டுச் செய்தியும் அதற்குக் குறைந்ததன்று. தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்ததைக் கண்ணால் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரை முப்பதாண்டுக் காலம் மறவாது சுமந்தார். கண்ட இடமெல்லாம் நிதி கேட்டார். புற்றுநோயாளர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் அன்று இருந்தார்கள். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. அந்நாளில் குருதிப் புற்று கண்ட குழந்தை பிழைப்பது அரிது. இன்று நல்ல மருத்துவம் கிடைத்த குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அந்த மாற்றமும் ஒரே நாளில் வந்ததன்று. சில வாரம், சில திங்கள், ஓராண்டு என்று சிறுகச் சிறுகக் கூட்டியதுதான்.

இதையெல்லாம் நாம் நடந்தவாறே தமக்கையாரிடம் சொல்லிக்கொண்டு வந்தோம். கேட்டுக்கொண்டே வந்தவர், இந்தியா கேட் அண்மையில் ஒரு நாவல் மரத்தடியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. தொண்டர் பெண்ணொருத்தி வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் தமக்கையார் தம் உடைந்த இந்தியில், இந்தப் பணம் மருந்து கண்டுபிடிக்கப் போகுமா என்று கேட்டார். இல்லை, நோயாளிகளின் வீட்டுக்குச் சென்று பார்ப்பதற்கு, வலி தணிப்பதற்கு என்றாள் அவள்.

"அதுவும் வேணுந்தான்" என்று தலையசைத்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, "நீ ஒரு கணக்குப் போட்டியே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

நாம் தலை குனிந்தோம்.

"ரெண்டரை மாசம்னு சொன்னே. நான் அதை மறக்கலே. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் அவர் என்னை 'இந்தா'ன்னுதான் கூப்பிட்டார். ஒரு நாள்கூடப் பேர் சொன்னதில்லே. கடைசியா எல்லா வார்த்தையும் போன பிறகு என் பேரு மட்டும் நின்னுது. தண்ணி வேணும்னாலும் என் பேரு. வலிச்சாலும் என் பேரு. சன்னலைத் திறக்கணும்னாலும் என் பேரு. அது அந்தக் கடைசி ரெண்டரை மாசத்திலேதான், தம்பி."

வாழைப்பழத் தோலை எங்கே போடுவதென்று சுற்றுமுற்றும் பார்த்தார். நாம் வாங்கிக்கொண்டோம்.

"அந்த மருந்தைக் கண்டுபிடிச்சவங்களுக்கும் யாரோ பணம் கொடுத்திருப்பாங்க இல்லையா? அதுக்குத் தனியா எங்கே அனுப்பணும்னு விசாரி" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

விசாரித்தோம். சூன் 8ஆம் நாளை உலக மூளைக் கட்டி நாளாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் 2000ஆம் ஆண்டு செர்மனியில் தொடங்கியதென்று அறிந்தோம். அந்நாளை ஒட்டி, தமக்கையார் தம் குடும்ப ஓய்வூதியத்தில் ஒரு நாளைக்குரிய தொகையையும், நாம் நம் சம்பளத்தில் ஒரு நாளைக்குரியதையும் சேர்த்து அடையாற்றுக்கு அனுப்புகிறோம். சிறு தொகைதான். பிப்ரவரியில் கேன்சப்போர்ட்டுக்கும் தனியே உண்டு. ரசீது வந்ததும் தமக்கையார் அதை எண் பார்த்து, தேதி பார்த்து, அத்தானுடைய பணிக் கோப்பைத் திறந்து, யாராலும் படிக்க இயலாத அந்தப் பென்சில் தாளுக்கு மேலே வைத்துக் கட்டிவிடுகிறார்.